துயருற்ற ஆட்டக்காரரும் ஆட்டச் சட்டமும்

கிழக்கிலங்கையின் கரையோரத்திலே ஒரு வீட்டில் மரணம் நிகழ்ந்துவிட்டால், அந்த வீட்டாரிடம் ஊர் எதனையும் எதிர்பார்ப்பதில்லை. கல்முனையிலிருந்து மேற்கே கிட்டங்கியைக் கடந்து செல்லும்போது எதிர்ப்படும் நாவிதன்வெளிப் பகுதியில், சைவக் குடும்பமாயின் 31 நாள் துடக்குக் காப்பார்கள். அந்நாட்களில் அவர்கள் கோயிலுக்குச் செல்வதில்லை. திருவிழாவில் அவர்களுக்குரிய கடமையை வேறொருவர் ஏற்றுக்கொள்வார். மங்கல காரியங்களுக்கு அவர்கள் வராமையை எவரும் குறையாகக் கொள்வதில்லை. கிழக்கே கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலிய ஊர்களில் வாழும் முஸ்லிம் மக்களிடையே, கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பாள். சாவு நிகழ்ந்த வீட்டுக்கு அயலார் சோறு சமைத்துக் கொண்டுவந்து கொடுப்பதோ இரு சமூகத்தாருக்கும் பொதுவான வழக்கம். துடக்கு என்பதைத் தீட்டு என்று மாத்திரம் எண்ணி நகைப்பவர்கள், அதன் மற்றொரு பயனைக் கவனிப்பதில்லை. துயருற்றவன் சில காலத்துக்கு வழக்கமான மனிதனல்லன் என்பதை ஊர் முழுவதும் ஒப்புக்கொண்டு, அவனுக்கு விடுதலை அளிக்கும் ஏற்பாடு அது.

வயல் அறுவடையானபின் அடிக்கட்டைகள் நிறைந்த நிலத்திலே மாலை வேளையில் பந்துதைக்கும் சிறுவர்கள் கூட, பாடையோ ஜனாசாவோ வீதியிற் சென்றால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பார்கள். எழுதப்பட்ட சட்டம் எதுவும் அவர்களுக்கு இதனைக் கற்பிக்கவில்லை. ஆனால், சட்டப் புத்தகமும் மத்தியஸ்தரும் அட்டவணையும் தண்டப்பணமும் உள்ள பெரிய உதைபந்தாட்டத்திலே துடக்கு என்றோர் அத்தியாயம் இல்லை. அங்கு ஓர் ஆட்டக்காரர் பிள்ளையை இழந்தாலும், ஒரு கழகம் தன் வீரர்களை ஒருங்கே இழந்தாலும், சனிக்கிழமை பிற்பகலில் ஆட்டம் தொடங்க வேண்டியதே. துயரத்தினால் சட்டத்தை மீறியவரை என் செய்வது என்ற கேள்வி, கடந்த முக்கால் நூற்றாண்டுக் காலத்தில் அவ்வாட்டத்தின் ஆட்சியாளர்களைப் பலமுறை எதிர்கொண்டிருக்கின்றது. அவர்கள் அளித்த விடைகள் ஒரே தன்மையன அல்ல. அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும்போது, யாருக்கு எவ்வளவு சலுகை என்று கேட்பதைக் காட்டிலும், அந்தச் சலுகையின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பதே பொருத்தமானது எனத் தோன்றும்.

1949 ஆம் ஆண்டு மே மாதம் 4 ஆம் திகதி, இத்தாலி நாட்டின் தொரினோக் கழகத்தார் லிஸ்பனில் ஆடிவிட்டுத் திரும்பி வந்த விமானம், தூரின் நகருக்கு அண்மையிலுள்ள சுப்பர்கா மலைமேல் மோதி நொறுங்கியது. அதில் இருந்த 31 பேரும் இறந்தனர். அவர்களில் 18 பேர் ஆட்டக்காரர்கள். அந்தப் பருவத்தில் இன்னும் 4 ஆட்டங்கள் எஞ்சியிருந்தன. தொரினோ தன் இளைஞர் அணியைக் களத்தில் இறக்கியது. எதிர்த்து ஆடவந்த நான்கு கழகங்களும் தங்கள் பெரிய ஆட்டக்காரர்களை நிறுத்திவைத்துத் தாமும் இளைஞர் அணிகளையே அனுப்பின. சட்டம் அவர்களை அவ்வாறு செய்யும்படி கட்டளையிடவில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்தது மியூனிக் விபத்து. அதனைச் சற்று விரிவாகவே கூறவேண்டும். 1958 ஆம் ஆண்டு பெப்ரவரி 6 ஆம் திகதி, பெல்கிறேட்டில் ஆடிவிட்டுத் திரும்பிய மான்செஸ்டர் யுனைட்டெட் கழகத்தாரின் விமானம், மியூனிக் விமான நிலையத்தின் பனிச்சேறு படிந்த ஓடுபாதையிலிருந்து மேலெழ முடியாமல் மோதி உடைந்தது. மாண்டோர் தொகை 23. அவர்களில் 8 பேர் ஆட்டக்காரர்கள். முகாமையாளர் மட் பஸ்பி உயிருக்குப் போராடியபடி வைத்தியசாலையில் கிடந்தார். வேல்ஸ் நாட்டு அணியின் கடமையின் பொருட்டு அப்பயணத்தில் சேராதிருந்த அவருடைய உதவியாளர் ஜிம்மி மர்பி, எஞ்சியவர்களைத் திரட்ட வேண்டியவரானார்.

அக்கழகத்துக்கு இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கக் கிண்ணத்தின் ஐந்தாம் சுற்று ஆட்டம் காத்திருந்தது. அது சில நாட்கள் பிற்போடப்பட்டுப் பெப்ரவரி 19 ஆம் திகதி குறிக்கப்பட்டது. 13 நாள் அவகாசத்தில் ஓர் அணியை எங்கிருந்து உண்டாக்குவது? அஸ்டன் வில்லாக் கழகத்தில் ஸ்டான் குரவுதர் என்னும் ஆட்டக்காரர் இருந்தார். அவரை விலைகொடுத்து வாங்க மர்பி முனைந்தார். ஆனால் குரவுதர் அதே பருவத்தில் வில்லாவுக்காகக் கிண்ணப் போட்டியில் ஆடியிருந்தார். ஒரே பருவத்தில் இரு கழகங்களுக்காக ஒருவர் கிண்ணப் போட்டியில் ஆடலாகாது என்பது சங்கத்தின் பழைய விதி. செல்வமிக்க கழகங்கள் பாதிவழியில் ஆட்களை வாங்கிக் கிண்ணத்தைக் கவர்ந்துகொள்ளாதிருக்க ஏற்பட்ட நியாயமான விதியுங்கூட. சங்கத்தார் அந்த ஒரு மனிதருக்காக அந்த ஒரு விதியைத் தளர்த்தினர். ஆட்டம் தொடங்குவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு முன்னரே குரவுதர் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டார்.

அன்று அரங்கில் விற்கப்பட்ட நிகழ்ச்சிப் பத்திரிகையில், எதிரணியாகிய ஷெஃபீல்ட் வெட்னெஸ்டேயின் 11 பெயர்களும் முறைப்படி அச்சிடப்பட்டிருந்தன. மான்செஸ்டருக்குரிய 11 இடங்களும் வெறுமையாக இருந்தன. யார் ஆடுவார்கள் என்பது அச்சுக்கூடத்துக்குத் தெரியாது. விபத்திலிருந்து தப்பிய ஹரி கிரெக்கும் பில் ஃபோல்க்ஸும் அன்று ஆடினார்கள். அந்த வேளையில் டங்கன் எட்வர்ட்ஸ் என்னும் 21 வயது இளைஞர் மியூனிக் வைத்தியசாலையில் இன்னும் உயிரோடிருந்தார். இரண்டு நாளின் பின் அவரும் மறைந்தார். மான்செஸ்டர் 3 கோல்களுக்கு 0 என்று வென்றது.

வெட்னெஸ்டே ஆட்டக்காரர்களின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அன்றிரவு விலை கொடுத்தவர்கள் அவர்களே. விதியைத் தளர்த்தியதால் எதிரணிக்கு ஒரு தேர்ந்த ஆட்டக்காரர் கிடைத்தார். அரங்கில் கூடியிருந்த ஏறக்குறைய 60,000 பேரில் பெரும்பாலோர் கண்ணீரோடு எதிரணியையே வாழ்த்தினர். வென்றிருந்தால் உலகம் அவர்களை வெறுத்திருக்கும், தோற்றதனால் மறந்துவிட்டது. ஒரு சலுகை அளிக்கப்படும்போது அதன் பாரத்தைச் சுமக்க ஒருவர் இருக்கிறார் என்பதையும், அவர் முறையிடாமற் சுமக்கும்போதே அது இனிது நிறைவேறுகிறது என்பதையும் இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. அடுத்த பருவத்தில் ஐரோப்பிய உதைபந்தாட்டச் சம்மேளனம், இரக்கங் கருதி, சாம்பியன் பட்டம் பெறாத மான்செஸ்டரையும் ஐரோப்பியக் கிண்ணத்துக்கு அழைத்தது. இங்கிலாந்தின் ஆட்சியாளர்கள் அதற்கு இசையவில்லை. பெப்ரவரியில் நெகிழ்ந்த விதி, சில மாதங்களில் மீண்டும் இறுகிவிட்டது.

அக்காலத்து மத்தியஸ்தரிடம் அட்டைகள் இல்லை. மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் 1970 ஆம் ஆண்டு மெக்சிக்கோவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியிலேதான் முதன்முதல் வழக்கத்துக்கு வந்தன. அதன்பின் சட்டங்கள் நுணுகி நுணுகிப் பெருகின. கோல் அடித்த மகிழ்ச்சியில் மேற்சட்டையைக் கழற்றுபவருக்கு மஞ்சள் அட்டை காட்டியே ஆகவேண்டும் என்பது 2004 ஆம் ஆண்டு முதல் கட்டாயமாயிற்று. உள்ளே அணியும் சட்டையில் வாசகமோ படமோ இருத்தலாகாது என்னும் தடை 2014 ஆம் ஆண்டில் மேலும் இறுக்கப்பட்டது. வீண் ஆரவாரத்தையும் காலவிரயத்தையும் விளம்பரத்தையும் அரசியல் முழக்கத்தையும் தடுக்கவே இவை வேண்டும் என்றனர். காரணம் பொருந்தக்கூடியதே. ஆனால், ஒருவர் நெஞ்சிலே எழுதிக்கொண்டு வருவது விளம்பரமா, ஒப்பாரியா என்று பிரித்தறியும் உரிமையை மத்தியஸ்தருக்கு இச்சட்டம் வெளிப்படையாக வழங்கவில்லை.

2010 ஆம் ஆண்டு ஜூலை 11 ஆம் திகதி ஜொகன்னஸ்பேர்க் நகரில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில், 116 ஆவது நிமிடத்தில், ஸ்பெயின் நாட்டின் அந்திரே இனியெஸ்தா வெற்றிக் கோலை அடித்தார். உடனே மேற்சட்டையைக் கழற்றினார். உட்சட்டையில், தானி ஹார்க்கே என்றும் நம்முடன் இருக்கிறார் என்னும் கருத்துப்பட எழுதியிருந்தது. ஹார்க்கே என்பவர் பார்சலோனா நகரின் மற்றைய கழகமாகிய எஸ்பான்யோலின் தலைவர். முந்திய ஆண்டு ஓகஸ்ட் மாதம், 26 வயதில், மாரடைப்பினால் திடீரென இறந்தவர். இனியெஸ்தாவுக்கு இளமைக்கால நண்பர். மத்தியஸ்தர் ஹொவார்ட் வெப் சட்டப்படி மஞ்சள் அட்டையைக் காட்டினார். இனியெஸ்தா முறையிடவில்லை. அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் அவர் பார்சலோனாவுக்காக எஸ்பான்யோலின் அரங்கிற்கு ஆடச் சென்றபோது, பரம்பரைப் பகைமை பூண்ட அக்கழகத்தின் இரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டி அவரை வரவேற்றனர்.

அடுத்த ஆண்டு இங்கிலாந்திலே, உலகப் புகழ் எதுவுமில்லாத ஓர் ஆட்டத்தில் நடந்தது இதனினும் சிறியது. ஆயினும் நினைவில் வைக்கத் தக்கது. டொன்காஸ்டர் றோவர்ஸ் கழகத்தின் பில்லி ஷார்ப் என்பவருக்குப் பிறந்த ஆண் குழந்தை, இரண்டே நாள் உயிர்வாழ்ந்து, 2011 ஒக்டோபர் மாத இறுதியில் இறந்துவிட்டது. மூன்று நாள் கழிந்து, நவம்பர் 1 ஆம் திகதி, மிடில்ஸ்பரோவுக்கு எதிராக ஆடத் தாமே விரும்பி வந்தார். கழகம் அன்று அவரையே தலைவராக்கியது. 14 ஆவது நிமிடத்தில் அவர் ஒரு கோல் அடித்தார். அடித்தவர் சட்டையை உயர்த்தி, மகனே இது உனக்காக என்று பொருள்படும் வாசகத்தை அரங்கிற்குக் காட்டினார். மத்தியஸ்தர் டரன் டெட்மன் அட்டையை எடுக்கவில்லை.

டொன்காஸ்டர் அந்த ஆட்டத்தில் 3 கோல்களுக்கு 1 என்று தோற்றது. ஆகவே மத்தியஸ்தரின் கருணை எதிரணிக்கு யாதோர் இழப்பையும் உண்டாக்கவில்லை. தோற்காவிட்டாலுங்கூட உண்டாக்கியிராது. காட்டப்படாத ஒரு மஞ்சள் அட்டையினால் ஒருவருடைய கோலும் குறைவதில்லை, ஒருவருடைய காலும் முறிவதில்லை. அவர் செய்தது சட்ட விரோதம் என்று வாதிடுவோர் இருக்கலாம். ஆனால், சட்டங்களை இயற்றும் சர்வதேசச் சபையே பின்னர் 2016 ஆம் ஆண்டில் சட்டப் புத்தகத்தைத் திருத்தி எழுதியபோது, மத்தியஸ்தர் சட்டத்தின்படியும் ஆட்டத்தின் உள்ளுணர்வின்படியும் தீர்மானிக்க வேண்டும் என்று ஐந்தாம் சட்டத்தில் சேர்த்தது. டெட்மன் அதனை ஐந்தாண்டுகள் முந்தியே செய்துவிட்டார்.

பின்னும் 2020 ஆம் ஆண்டு நவம்பர் 25 ஆம் திகதி டியகோ மரடோனா காலமானார். நான்கு நாட்களின் பின், பெருந்தொற்றின் காரணமாகப் பார்வையாளர் எவருமில்லாத அரங்கில், ஒசாசுனாவுக்கு எதிராகக் கோலடித்த லியொனல் மெசி, பார்சலோனாச் சட்டையைக் கழற்றினார். உள்ளே அவர் அணிந்திருந்தது, இருவருமே வெவ்வேறு காலத்தில் ஆடிய நியூவெல்ஸ் ஓல்ட் போய்ஸ் கழகத்தின் பத்தாம் இலக்கச் சட்டை. மஞ்சள் அட்டை காட்டப்பட்டது. ஸ்பானிய சம்மேளனம் அவருக்கு 600 யூரோவும் கழகத்துக்கு 180 யூரோவும் தண்டம் விதித்தது. மெசியின் வருவாயோடு ஒப்பிட்டால் அத்தொகை கோயில் உண்டியலில் இடும் சில்லறைக்கும் குறைவு. சட்டம் தன் முகத்தைக் காத்துக்கொண்டது, அவ்வளவே.

இவையெல்லாம் ஒரு சட்டையளவான குற்றங்கள். ஒரு நாட்டின் அணி முழுவதும் துயரத்தினால் ஆட்டத்தையே கைவிட்டால் என்ன ஆகும்? 2010 ஆம் ஆண்டு ஜனவரி 8 ஆம் திகதி, ஆபிரிக்க நாடுகளின் கிண்ணப் போட்டிக்காக அங்கோலாவின் கபிந்தா மாகாணத்துக்குள் பேருந்தில் நுழைந்த தோகோ நாட்டு அணியின்மீது, பிரிவினை கோரும் ஆயுதக் குழுவினர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். உதவிப் பயிற்றுநரும் ஊடக அலுவலரும் உயிரிழந்தனர். கோல் காப்பாளர் ஒபிலாலே படுகாயமுற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கை அன்றோடு முடிந்தது. இறந்தவர்களின் பொருட்டே ஆடவேண்டும் என்று ஆட்டக்காரர்களிற் பலர் எண்ணினார்கள். அவர்களுடைய அரசாங்கமோ மூன்று நாள் துக்கம் அறிவித்து, அணியை நாட்டுக்குத் திரும்பி வரும்படி பணித்தது. அவர்கள் திரும்பினர். கானாவுக்கு எதிரான முதலாவது ஆட்டம் நடைபெறவில்லை.

அம்மாத இறுதியில் ஆபிரிக்க உதைபந்தாட்டக் கூட்டமைப்பு தீர்ப்பளித்தது. அரசாங்கம் விளையாட்டிலே தலையிட்டது விதிமீறல் எனக் கூறி, அடுத்த இரு போட்டிகளில் பங்குபற்றத் தோகோவுக்குத் தடையும் 50,000 டொலர் தண்டமும் விதித்தது. விதியின் எழுத்தைப் பார்த்தால் தவறில்லை. அரசாங்கங்கள் அணிகளை ஏவுவதும் நிறுத்துவதும் ஆபிரிக்காவில் மட்டுமன்றி ஆசியாவிலும் பெருந்தொல்லை, இலங்கையரும் அறியாததன்று. ஆனால் இங்கு அரசாங்கம் செய்தது தேர்தல் இலாபத்துக்கான தலையீடன்று. பிணப்பெட்டிகளோடு பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்தது. அவர்கள் வராமையினால் மற்றைய அணிகளுக்கு நேர்ந்த இழப்பு யாது? நான்கு அணிகள் ஆடவேண்டிய பிரிவில் மூன்று ஆடின, போட்டி முடிவுபெற்றது. விலை கொடுக்க எவருமில்லாத இடத்திலே கூட்டமைப்பு விலை கேட்டது. உலகெங்கும் கண்டனம் எழுந்தது. தோகோ விளையாட்டுத் துறைக்கான சர்வதேச நடுத்தீர்ப்பு மன்றத்தை நாடியது. பீபாவின் தலைவர் இணக்கம் காண முயன்றார். மே மாதத்தில் தடை நீக்கப்பட்டது. அதற்கிடையில், ஏப்ரல் மாதத்தில், தலைவர் இம்மானுவேல் அடபயோர் அந்தத் துப்பாக்கிச் சூட்டின் நினைவு தம்மை விடவில்லையெனக் கூறி நாட்டு அணியிலிருந்து விலகியிருந்தார். சலுகை வந்தபோது அதனைப் பெறவேண்டியவர் அங்கில்லை. பின்னர் அவர் மீண்டும் ஆட வந்தார் என்பது உண்மையே.

இந்தக் கரையோரத்து மக்களுக்குத் தோகோவின் துக்கத்தை விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையில் இலங்கையின் எல்லா மாவட்டங்களையும் விட அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. 10,000 க்கு மேற்பட்டோர். பாண்டிருப்பிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் துயரம் வீட்டுக்கு வீடு இருந்தது. அன்று பள்ளிக்கூடங்கள் கேள்வி கேட்காமற் கதவு திறந்தன. கந்தோர்கள் பத்திரங்கள் இல்லாமலே பலவற்றை ஏற்றுக்கொண்டன.

இனி, கடினமான பகுதி. துயருற்ற ஆட்டக்காரர் சட்டையைக் கழற்றுவது ஒன்று. தம்மை இழிவாகப் பேசும் பார்வையாளர்மீது பாய்வது மற்றொன்று. வசைபாடும் கூட்டம் இவ்வூர் மக்களுக்குப் புதிதன்று. மட்டக்களப்புப் பிரதேசத்தில் முற்காலத்தே பெருவழக்காயிருந்த கொம்புமுறி விளையாட்டில், ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, கொக்கிபோற் பிணைத்த கொம்புகளை வடம் பூட்டி இழுக்கும். ஒரு சேரியார் மற்றச் சேரியாரைப் பாட்டினால் வைவர். ஆனால் அந்த வசைக்கு எல்லையிருந்தது. விளையாட்டு முடிந்ததும் இரு சேரியும் ஒரே கண்ணகை அம்மன் முன்றிலிற் கூடவேண்டும். இன்றைய பேரரங்குகளில் அந்த எல்லை இல்லை. மியூனிக்கில் இறந்தவர்களை ஏளனஞ் செய்யும் பாட்டுக்கள் இங்கிலாந்தில் பல பத்தாண்டுகளாக ஒலித்துள்ளன. 1989 ஆம் ஆண்டு ஹில்ஸ்பரோ அரங்கின் நெரிசலில் இறந்த 97 பேரை இகழும் வாசகத்தைத் தன் சட்டையில் எழுதி, 2023 ஆம் ஆண்டுக் கிண்ண இறுதியாட்டத்துக்கு ஒருவர் வந்தார். நீதிமன்றம் அவருக்கு 1,000 பவுண் தண்டமும் நான்காண்டுத் தடையும் விதித்தது. இறந்தோரை இகழ்தல் வெறும் நாகரிகக் குறைவன்று, தண்டனைக்குரிய குற்றம் என்பதை அந்நாட்டு ஆட்சியாளர் மிகத் தாமதித்தே ஏற்றனர்.

அடித்தவர்களுள் புகழ்பெற்றவர் எரிக் கன்ரோனா. 1995 ஜனவரி 25 ஆம் திகதி இலண்டனில், சிவப்பு அட்டை பெற்று வெளியேறிக்கொண்டிருந்தபோது, தம்மை வைத பார்வையாளரைப் பாய்ந்து உதைத்தார். சங்கம் அவரைச் செப்டெம்பர் மாத இறுதி வரை தடைசெய்து, 10,000 பவுண் தண்டமும் விதித்தது. நீதவான் இரு வாரச் சிறை என்றார். மேன்முறையீட்டில் அது 120 மணி நேரச் சமூக சேவையாக மாறியது. வைத பார்வையாளரும் தப்பவில்லை. அவரும் பின்னர் குற்றவாளியாகக் காணப்பட்டு, ஓராண்டு அரங்குகளுக்கு வராதபடி தடுக்கப்பட்டார். கன்ரோனா துயருற்றவர் அல்லர், சினமுற்றவர். ஆனால் 2006 உலகக் கிண்ண இறுதியில் மதராசியைத் தலையால் மோதிய சினடின் சிடான், அன்று தம் தாயார் நோயுற்று வைத்தியசாலையில் இருந்தார் எனப் பின்னாளிற் கூறினார். பீபா சிடானுக்கு மூன்று ஆட்டத் தடையும், அவர் குடும்பத்தைப் பழித்த மதராசிக்கு இரண்டு ஆட்டத் தடையும் விதித்தது. தூண்டியவனையும் தண்டித்த அந்தத் தீர்ப்பு பலருக்கு வியப்பளித்தது, அளித்திருக்க வேண்டியதில்லை.

இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது எரிக் டயரின் வழக்கு. 2020 மார்ச் 4 ஆம் திகதி, தொட்டன்ஹாம் கழகம் தோற்ற இரவில், தம்பி அமர்ந்திருந்த பக்கத்தில் நடந்த வசைச்சண்டையைக் கண்டு அவர் இருக்கைகளின்மேல் ஏறிச் சென்று வைதவரை எதிர்கொண்டார். ஒருவரையும் அடிக்கவில்லை. நான்கு ஆட்டத் தடையும் 40,000 பவுண் தண்டமும் விதிக்கப்பட்டன. அடித்த சிடானுக்கு மூன்று. அடியாத டயருக்கு நான்கு. மெசியின் 600 யூரோவை எண்ணிப் பார்க்கும்போது, இத்தண்டங்களுக்கு எந்தத் தராசு பயன்பட்டதென்று விளங்கவில்லை. கூட்டத்தினுள் ஓர் ஆட்டக்காரர் ஏறினால் கலகம் விளையலாம், குழந்தைகள் மிதிபடலாம் என்பது மெய்யே. அங்கே சலுகையின் விலையைக் கொடுக்கக்கூடியவர் ஏதுமறியாத பக்கத்து இருக்கைக்காரர். ஆதலின் குற்றமே இல்லையென்று விடுவித்தல் இயலாது. ஆனால் தண்டனையின் அளவிலே கருணைக்கு நிறைய இடமுண்டு.

சொல்லுக்கும் அடிக்கும் உள்ள இவ்வேறுபாட்டை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். புதைகுழி அருகே அழுதுகொண்டிருந்த பெண்ணொருத்தியிடம் நபிகள் நாயகம் அவர்கள் பொறுமை காக்கும்படி கூறினார்கள். இன்னாரென்று அறியாத அவள், என் துன்பம் உமக்கு நேரவில்லை என்ற கருத்தில் கடிந்து பேசி அப்பாற் போகச் சொன்னாள். அவர்கள் ஒன்றுங் கூறாமற் சென்றார்கள். பின்னர் உண்மையறிந்து அவள் ஓடிவந்து வருந்தியபோதும், பொறுமைக்குரிய வேளை துன்பத்தின் முதல் அடியே என்று கற்பித்ததன்றித் தண்டிக்கவில்லை. பாண்டியன் அவையிலே தலைவிரி கோலமாய் நின்று மன்னனையே குற்றஞ்சாட்டிய கண்ணகியை வாயிற்காவலன் தடுக்கவில்லை, மன்னன் கேட்டான். அவள் மதுரையை எரித்ததற்கு மாத்திரம் எவரும் நியாயங் கூறி முடிக்கவில்லை. இக்கரையோரத்துக் கோயில்களிலே வைகாசித் திங்களில் அவளுக்கு நடக்கும் சடங்கின் பெயர் குளிர்த்தி. எரிந்த நெஞ்சை நீர் கொண்டு குளிர்விப்பதே அதன் பொருள். திருவள்ளுவரும் அரசனுக்குச் செங்கோன்மையைக் கூறி, மூன்றாம் அதிகாரமாய்க் கண்ணோட்டத்தைக் கூறுகின்றார். இரண்டையும் அரசியலிலேயே வைத்தது கருதத்தக்கது.

துயரத்தின் விலையைத் தாமே முன்வந்து ஏற்றவர்களின் கதையும் ஒன்றுண்டு. 2016 நவம்பர் 28 ஆம் திகதி, பிரேசில் நாட்டின் சப்பெக்கோயென்சேக் கழகத்தார், தென்னமெரிக்கக் கிண்ண இறுதியாட்டத்துக்காகக் கொலம்பியாவின் மெடலின் நகர் நோக்கிச் சென்ற விமானம் மலையில் மோதியது. 71 பேர் மாண்டனர்; 6 பேர் தப்பினர். எதிரணியாகிய அத்லெத்திக்கோ நசியொனல், ஆடாமலே வெற்றி பெற்றிருக்கலாம். மாறாக, கிண்ணத்தை இறந்தவர்களின் கழகத்துக்கே வழங்கும்படி கூட்டமைப்பை வேண்டியது. டிசம்பர் 5 ஆம் திகதி அவ்வாறே வழங்கப்பட்டது.

உள்நாட்டுப் போட்டியில் அக்கழகத்துக்கு இன்னும் ஓர் ஆட்டம் எஞ்சியிருந்தது. டிசம்பர் 11 ஆம் திகதி, சப்பெக்கோ நகரின் அரங்கில், அத்லெத்திக்கோ மினெய்ரோ அணிக்கு எதிராக. சப்பெக்கோயென்சேயிடம் ஆட ஆளில்லை. வந்து நின்றால் மினெய்ரோ வென்றதாகிவிடும். மினெய்ரோ வரவில்லை. களத்துக்கு வராத அணி 3 கோல்களுக்கு 0 என்று தோற்றதாகக் கொள்ளவேண்டும் என்பது விதி. ஆகவே அப்பருவத்தின் பதிவேட்டில் அந்த ஓர் ஆட்டத்துக்கு நேரே இரு கழகங்களும் 3 க்கு 0 என்று தோற்றதாக எழுதப்பட்டிருக்கின்றது.